ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே

திருவொற்றியூரில் நாங்கள் இருந்தது ஒரே ரூம் வீடு. சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். லைட்டும் ஒன்றுதான், நாலடி டியூப்லைட். அப்பாவுக்கு மூன்று ஷிஃப்ட் வேலை. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வீடு வந்துசேர நடுராத்திரி ஆகிவிடும். அம்மா எழுந்து லைட்டைப் போடுவாள். அவர் குளித்துச் சாப்பிட்டு முடிக்கிறவரை பிள்ளைகள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடப்போம். காலையில் என்னை எழுப்புவது பெரும்பாடு. 'சோம்பேறி' என்ற பேர் அப்போது வந்ததுதான். அந்தப் பேர் நியாயமா என்று பார்க்கப் போய்த்தான் உடல் கடிகாரத்தின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

இந்தியாவில் அந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் எம்.கே. சந்திரசேகரன் (1937–2009). 1960களில் அவர் ஆராய்ந்தது கடற்கரை ஈரமணலில் புதைந்து வாழும் ஒரு சின்ன நண்டை. ஆய்வுக்கூடத் தொட்டியில் கடலின் ஏற்றவற்றம் ஏது? ஆனாலும் அந்தக் கணக்குப்படியே நண்டு துடிப்பதும் அடங்குவதும் தொடர்ந்தது. 1965இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு நம்மூர்ச் சாட்சி அது.

பிறகு அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மாரிமுத்து முதலியவர்களோடு செய்த வௌவால் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. குகை இருட்டில் கூண்டுக்குள் அடைத்த வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்வது தெரியாது. ஆனால் மற்ற வௌவால்கள் இரை தேடிக் கிளம்புவதை வைத்தே தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது. வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தால் அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. இதைப் படித்ததும் எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது!

மனிதருக்கு மட்டும் கதை கொஞ்சம் வேறு. நம்மை மற்றவர் நடமாட்டத்தைவிட வெளிச்சம்தான் அதிகமாக ஆட்டிவைக்கிறது. ஜெர்மனியில் யுர்கன் அஷாஃப் 1960களில் கடிகாரமோ சூரியனோ இல்லாத நிலவறையில் ஆட்களைத் தங்கவைத்தார். அவர்களுடைய 'நாள்' சுமார் 25 மணி நேரமாக நீண்டது. மதுரையிலும் அப்படி ஒரு தனியறை கட்டி ஆராய்ந்தார்கள். மனிதக் கடிகாரம் 25 மணி நேரம் என்றே ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1999இல் சார்லஸ் சைஸ்லர் குழு மங்கிய வெளிச்சத்தை வைத்து அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம்தான் வந்தது. முன்பு தப்பு எங்கே நடந்தது? நிலவறையில் விளக்கின் சுவிட்ச் அவர்கள் கையில் இருந்தது. தூக்கம் வருகிறவரை விளக்கை எரியவிட்டார்கள். முன்னிரவு வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், விடியற்கால வெளிச்சம் முன்னால் இழுக்கும். வீட்டு விளக்கு செய்கிற வேலையைக் கடிகாரத்தின் குணம் என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்குப் பெரிய விளக்கும் வேண்டாம். 2000இல் வந்த ஓர் ஆய்வில், ராத்திரி நேரத்தில் ஆறரை மணி நேரம் சுமார் 100 லக்ஸில் உட்கார்ந்தாலே, 9,000 லக்ஸ் வெளிச்சம் தள்ளுகிற தூரத்தில் பாதி தள்ளிவிட்டது. 100 லக்ஸ் என்பது சாதாரண வீட்டு வெளிச்சம். ஆயா காலத்துச் சிம்னி விளக்கால் அது முடியாது.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். மூடிய இமையும் போர்வையும் நிறைய வெளிச்சத்தைத் தடுத்துவிடும். அதனால் நடுராத்திரி லைட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆறு மணிக்குப் போட்ட டியூப்லைட்டின் கீழே அப்பாவுக்காக விழித்திருந்த நேரம்தான் என் கடிகாரத்தைத் தள்ளியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

எண்ணூர் அனல் மின்நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்து 2017இல் நின்றது. ஊருக்கு வெளிச்சம் தயாரித்த பகுதி எங்களுடையது. 'படுக்கையறையை இருட்டாக வையுங்கள்' என்று இப்போது எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். படுக்கையறை என்று தனியாக ஒன்று இருக்கிறவர்களுக்குச் சரி.

நைட் ஷிஃப்ட் வாரங்களில் அம்மா பழைய புடவையை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டுவாள். ஆனால் அப்பா ஏழு மணி வெயிலில் சைக்கிள் மிதித்துத்தான் வீட்டுக்கு வருவார். பொழுது விடிந்துவிட்டது என்று அவர் உடம்புக்கு அந்த வெயில் ஏற்கெனவே சொல்லியிருக்கும். பத்து மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நாங்கள் சத்தம் போட்டதால்தான் எழுந்தார் என்று அடி வாங்கியிருக்கிறோம்.