ஏலத்துக்கு வந்த பேஸ் கிற்றார்

சென்ற வருடம் எனக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்தது. ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்தது. பத்திரிகைத் தொழிலில் ஒருவன் வாழ்நாளில் மொத்தமாகக் காணக்கூடிய பணம் அது ஒன்றுதான். வந்த மூன்றாவது வாரமே அதற்கு ஆபத்தும் வந்தது.

ஓரிரவு தூக்கம் வராமல் கணினியின் முன் அமர்ந்திருந்தபோது, இங்கிலாந்தில் உள்ள ஏல நிறுவனம் ஒன்றின் பட்டியலில் ஒரு படத்தைக் கண்டேன். வயலினைப் பெரிதாக்கியது போன்ற உடல். நான்கு தடித்த தந்திகள். பழுப்பு நிறம், விளிம்பில் கருமை. ஹொஃப்னர் 500/1 பேஸ் கிற்றார், 1960களின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். மதிப்பீடு 1,500 முதல் 2,000 பவுண்.

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வடிவத்தைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணம் நெடுங்கேணி.

*

1979ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. ஏ-9 வீதியில் புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி, காட்டினூடாகப் போனால் வருவது நெடுங்கேணி. வயலும் குளமும், பாலையும் முதிரையும் வீரையும் நிறைந்த காடும் சூழ்ந்த ஊர். வைகாசி மாதம் அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி இரவு கோஷ்டி வைத்தார்கள். தமிழகத்து வாசகர்களுக்குச் சொல்லவேண்டும்: எங்கள் பக்கத்தில் மெல்லிசைக் குழுவுக்குக் கோஷ்டி என்றுதான் பெயர். கண்ணன் கோஷ்டி போன்ற பெயர்கள் வடக்கெங்கும் பிரசித்தம். எங்கள் ஊருக்கு வந்தது அவ்வளவு பெயர்பெற்ற கோஷ்டி அல்ல. லொறியில் ஜெனறேற்றரையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

மேடையின் ஓரத்தில் மெலிந்த இளைஞர் ஒருவர் வயலின் வடிவக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அவர் எங்கள் ஊரவர். பேஸ் அண்ணை என்றே பின்னாளில் எல்லோரும் அழைத்தோம். அவர் தந்தியைத் தொட்டதும் ஒலி காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. பெட்டிக்கு முன் மணலில் இருந்த எங்கள் கால்களுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. ஓர் ஒலியை உடம்பால் கேட்கலாம் என்று நான் அறிந்தது அன்றுதான்.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஓர் ஆங்கில சஞ்சிகையில் பீட்டில்ஸ் குழுவின் படத்தைப் பார்த்தேன். போல் மக்கார்ட்னியின் கையில் அதே கிற்றார். 'நெடுங்கேணியில் நாங்கள் கேட்டது ஹொஃப்னரா' என்று வியந்து, அன்றிலிருந்து அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் வந்தேன்.

*

மின்சார பேஸ் கிற்றாரின் வயது அதிகமில்லை. அதற்கு முன்பு தாழ்சுரத்துக்கு ஆளுயர டபிள் பேஸ் வாத்தியமே இருந்தது. தூக்கிச் செல்வது துன்பம். மேளமும் பித்தளைக் கருவிகளும் முழங்கினால் அதன் ஒலி அடங்கிவிடும். 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போல் டுட்மார்க் என்பவர் மெட்டு வைத்த மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகை மாற்றியது. மெட்டுகள் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதையே அதன் பெயர் குறிக்கிறது. வானொலி திருத்துபவராக இருந்த ஃபெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

ஹொஃப்னரின் கதை வேறு. கார்ல் ஹொஃப்னர் 1887இல் தொழிலைத் தொடங்கிய ஷோன்பாக், வயலின் செய்வோர் நிறைந்த பொஹீமிய ஊர். இன்று செக் குடியரசில் லூபி என்ற பெயருடன் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ 30 இலட்சம் ஜேர்மானியர் வெளியேற்றப்பட்டனர். ஷோன்பாக்கின் கைவினைஞர்களும் அவர்களில் அடங்குவர். சில நூறு பேர் மட்டும் வாழ்ந்த பூபன்ரொய்த் என்ற பவேரியக் கிராமம், 1949 முதல் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அப்படி அகதியாக வந்து அமர்ந்த நிறுவனத்தில்தான் வால்டர் ஹொஃப்னர் 1956இல் வயலின் வடிவ பேஸை உருவாக்கினார். பழைய ஊரின் வயலின் தொழிலும் புதிய காலத்தின் மின்சாரமும் ஒன்றில் சேர்ந்தன. இடம்பெயர்ந்தவன் கையோடு கொண்டுபோகக்கூடியது தொழில் ஒன்றுதான் என்பதை நாங்களும் அறிவோம்.

மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் அதை வாங்கியபோது விலை சுமார் 30 பவுண். ஃபெண்டர் வாங்கப் பணம் போதவில்லை. இடக்கையால் வாசிப்பவர் திருப்பிப் பிடித்தாலும் அதன் உருவம் கோணலாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். அந்த முதல் கிற்றார் 1972இல் இலண்டனில் ஒரு வாகனத்திலிருந்து திருடப்பட்டது. அதைத் தேடுவதையே வேலையாக எடுத்துக்கொண்ட நிக் வாஸ் என்பவருடன், பத்திரிகையாளர்களான ஸ்கொட் ஜோன்ஸ், நயோமி ஜோன்ஸ் தம்பதியரும் சேர்ந்து 2023இல் பொதுமக்களிடம் தகவல் கேட்டார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டின் பரணில் அது கிடைத்தது. உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பெப்ரவரியில் வெளியாயிற்று.

*

இத்தகைய கதைகள்தாம் ஏலச்சந்தையின் எரிபொருள். 1999இல் எரிக் கிளப்டன் தன் 100 கிற்றார்களை நியூயோர்க்கில் ஏலத்தில் விட்டு, அன்டிகுவாவில் தான் தொடங்கிய போதை மறுவாழ்வு நிலையத்துக்கு 50 இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார். 2020இல் கேர்ட் கோபேனின் கிற்றார் 60 இலட்சம் டொலருக்குப் போயிற்று. அதே ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் வைத்திருந்த 1969ஆம் ஆண்டு பேஸ் 384,000 டொலருக்கு விற்கப்பட்டது. பிரபலம் தொடாத பழைய வாத்தியங்களுக்கும் விலை உண்டு. 1965இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். கம்பனிக்கு 130 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அதற்கு முற்பட்டது என்றால் விலை பல மடங்கு. மரமும் கம்பியும் பெரிதும் அதேதான். கூடுதலாக விற்கப்படுவது ஆண்டு.

ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது என்பார்கள். எங்கள் கோயில்களிலும் ஏலம் உண்டு. அம்மனுக்குப் படைத்த வாழைக்குலையை ஏலம் கூறும்போது அதன் சந்தை விலையை யாரும் கணக்கிடுவதில்லை. ஊர் பார்த்திருக்க, மற்றவனை விட ஒரு ரூபா கூடக் கேட்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. இணைய ஏலத்தில் ஊர் பார்ப்பதில்லை. மயக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் எண்ணெய் நிறுவனமொன்றின் பொறியியலாளர் மூவர் 1971இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த கம்பனிகள் எதிர்பார்த்த இலாபத்தைக் காணவில்லை. ஏன்? பலர் மதிப்பிடும் ஒரு பொருளை, எல்லோரிலும் அதிகமாகத் தவறி மதிப்பிட்டவனே வெல்கிறான். வென்றவனுக்குக் கிடைத்த சாபம் என்று பொருளியலாளர் அதை அழைக்கின்றனர்.

இவ்வளவும் தெரிந்தும் நான் 1,600 பவுண் கேட்டேன். மறுநாள் காலை வேறொருவர் 1,700 கேட்டிருந்தார். கடதாசியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 2,000 பவுணுக்கு விழுந்தால் ஏல நிறுவனத்தின் பங்கு நூற்றுக்கு 25. அனுப்புகூலி வேறு, சுங்கவரி வேறு. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறிய நாட்டில் இருந்துகொண்டு பவுணில் ஏலம் கேட்பவன் நான். எப்படிப் பார்த்தாலும் பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டியது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஏலம் முடிய ஒன்றரை நாள் இருந்தது.

உறுதிப்படுத்தாமல் ஒரு வரியும் எழுதாதே என்று இளம் நிருபர்களுக்கு இத்தனை வருடமாகச் சொல்லி வந்தவன், தன் சேமிப்பை ஒரு நினைவின் மேல் வைக்கப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஒருவரிடம் இலக்கம் வாங்கிப் பேஸ் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். குரல் மட்டும் மாறவில்லை.

"அண்ணை, நீங்கள் அப்ப வாசிச்ச ஹொஃப்னர் எந்த வருசத்துச் சாமான்?"

மறுமுனையில் சிரிப்பு. "ஆர் தம்பி உனக்கு அது ஜேர்மன் சாமான் எண்டு சொன்னது? அது பிலாப் பலகையடா."

*

அவர் சொன்னதை வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுக் கிற்றாரைக் கடையில் வாங்கும் நிலை இல்லை. ஆனால் அதே காலத்தில்தான் தமிழ்ப் பொப்பிசை ஓங்கியது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பாடல்களை இலங்கை வானொலி வீடு வீடாகக் கொண்டுசென்றது. 1976இல் அன்னக்கிளியோடு வந்த இளையராஜா, அடுத்த சில வருடங்களில் பேஸ் கிற்றாரைப் பின்னணியிலிருந்து எடுத்துப் பாட்டுக்குச் சமமாகப் பேசவைத்தார். அவருக்கு அதை வாசித்தவர் சசிதரன். அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்கவேண்டுமானால் கோஷ்டிக்குப் பேஸ் வேண்டும். வாங்க வழியில்லை என்றால் செய்யத்தானே வேண்டும்.

படமொன்றைப் பார்த்து ஒரு தச்சர் பலாப் பலகையில் உடலை வெட்டினார். தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் காந்தச் சுருளை றேடியோ திருத்துபவர் ஒருவர் கையால் சுற்றினார். தடித்த தந்திக்குச் சைக்கிள் பிறேக் கம்பி. விரல் பதியும் பலகைக்கு மட்டும் கருங்காலி. அது நெடுங்கேணிக் காட்டில் நின்ற மரம். இலங்கைக் கருங்காலி ஐரோப்பாவின் வயலின் விரற்பலகைகளுக்கும் தளபாடங்களுக்கும் ஒரு காலத்தில் கப்பலேறிய மரம் என்பதை அண்ணை அறிந்திருக்கவில்லை. "கையில கிடந்த நல்ல பலகை அதுதான்" என்றார்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அந்த டைனமோ செய்தி கேட்கப் போதும், பேஸுக்குப் போதாது. மின்சாரம் இல்லாத பேஸ் கிற்றார் வெறும் பலகை. அண்ணை ஏழு வருடம் அதை மேசையில் அழுத்தி வைத்து, மேசை தரும் சிறு அதிர்வில் வாசித்தாராம்.

1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அம்மாதத்திலேயே நெடுங்கேணி இராணுவத்தின் வசமாயிற்று. சைக்கிளில் அரிசியும் பிள்ளையும் ஏறின, கிற்றாருக்கு இடமில்லை. உரப்பையில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தார். 1999 நவம்பரில் புலிகள் ஊரை மீண்டும் கைப்பற்றினர். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்த பிறகே அவர் திரும்பிப் போய்த் தோண்டினார். தந்திகள் துருவாய் உதிர்ந்தன. சுருள் செத்துவிட்டது. பலாவும் கருங்காலியும் அப்படியே இருந்தன. புதுத் தந்தி போட்டு, சுருளை மறுபடி சுற்றி, அந்தச் சில வருடங்களில் ஊர்த் திருவிழாக்களில் மீண்டும் வாசித்திருக்கிறார். இறுதிப் போரில் மறுபடி இடப்பெயர்வு. இம்முறை புதைக்க நேரமில்லை. சுவரில் தொங்கவிட்டுப் போனார். முகாமிலிருந்து திரும்பியபோது சுவரே இருக்கவில்லை.

"பிறகு தேடினனீங்களே அண்ணை?"

"என்னத்தைத் தேடுறது? ஊரில ஆக்கள் ஆக்களைத் தேடிக்கொண்டு நிண்ட நேரம், நான் கிற்றாரைத் தேடுறதே?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரே கேட்டார், ஏலத்தில் விலை எவ்வளவு என்று. சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல சாமானாத்தான் இருக்கும். ஆனா அது நான் வாசிச்சதில்லையே" என்றார்.

*

மறுநாள் இரவு ஏலம் முடிவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடைசி இரண்டு நிமிடங்களில் விலை மளமளவென்று ஏறி 2,900 பவுணில் நின்றது. ஒருமுறை கை விசைப்பலகைக்குப் போனதை மறைக்க விரும்பவில்லை. வாங்கியவருக்கு அது நல்ல வாத்தியமாக அமையட்டும். அகதிகளின் கைவேலை, மதிப்புடையதுதான். நான் தேடியது அதுவல்ல. நான் தேடியதை எந்த ஏல நிறுவனத்தாலும் பட்டியலிட முடியாது. அதற்கு முத்திரையும் இல்லை, தொடர் இலக்கமும் இல்லை.

மிஞ்சிய பணத்தை ஒரு நற்காரியத்துக்குக் கொடுத்தேன் என்று முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. பணம் வங்கியிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் நெடுங்கேணிக்குப் போகும்போது ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துச் செல்கிறேன். அந்தத் தச்சர் யார், சுருள் சுற்றியவர் யார், எந்தெந்த ஊர்களில் வாசித்தார்கள் என்பதையெல்லாம் அண்ணை சொல்லச் சொல்லப் பதிவு செய்யவேண்டும். எங்கள் கோஷ்டிகளின் மேடைகளும் வாத்தியங்களும் படங்களும் பெரும்பாலும் போய்விட்டன. வாசித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்; வன்னியில், ரொறன்ரோவில், இலண்டனில், பாரிஸில். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றே பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.