மூடிய பள்ளிக்கூடங்களும் மூன்று வருடத்துக்கு ஒரு கண்காட்சியும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

பிள்ளைகள் குறைந்து ஒரு பாடசாலையை மூடிவிட்டால் அந்தக் கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். முதலில் கதவு ஜன்னல் போகும், பிறகு ஓடு போகும், கடைசியில் பற்றை மூடிவிடும். ஜப்பானில் ஒரு மலைப்பகுதியில் இது வேறு விதமாக நடந்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

இடத்தின் பெயர் எச்சிகோ-சுமாரி. நீகாத்தா மாகாணத்தில் இருக்கிறது. தொகாமாச்சி நகரமும் சுனான் என்ற சிற்றூரும் சேர்ந்து ஏறத்தாழ 760 சதுர கிலோமீற்றர். மாரியில் பனி ஆள் உயரத்தையும் தாண்டிக் கொட்டும். மலைச் சரிவை வெட்டிப் படிப்படியாக வயல் அமைத்து, தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்தவர்கள். இளம் ஆட்கள் தோக்கியோவுக்கும் மற்ற நகரங்களுக்கும் போய்விட, ஊரில் வயதானவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். வீடுகள் பூட்டப்பட்டன. பள்ளிக்கூடங்களும் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

1990களின் நடுப்பகுதியில் மாகாண அரசு இந்தப் பகுதிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டது. அதே மாகாணத்தில் 1946இல் பிறந்த கிதகாவா ஃபுராம் என்பவரிடம் யோசனை கேட்டார்கள். அவர் சொன்னது, கிராமம் கிராமமாக, வயலிலும் பாழ்வீட்டிலும் நவீன கலைப்படைப்புகளை வைப்போம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாட்டையே அழைப்போம் என்பது. உள்ளூர் சபை உறுப்பினர்கள் பெரும்பாலும் எதிர்த்தார்கள். வரிப்பணத்தை இதற்கா செலவழிப்பது என்ற கேள்வி. நியாயமான கேள்விதான், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். ஊர் ஊராக 2,000 அளவில் கூட்டம் வைத்துப் பேசினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒருவழியாக 2000ஆம் ஆண்டு முதலாவது கண்காட்சி நடந்தது.

இல்யா கபகோவ் என்ற சோவியத் நாட்டில் பிறந்த கலைஞரும் அவரது மனைவி எமிலியாவும் அந்த முதல் வருடமே ஒரு படிவயலைக் கேட்டார்கள். உழுவது, விதைப்பது, நடுவது, அறுப்பது என்று விவசாயிகளின் உருவங்களை நீலத்திலும் மஞ்சளிலும் செய்து வரம்புகளில் நிறுத்துவது அவர்கள் எண்ணம். வயல்காரர் முதலில் மறுத்துவிட்டார். மூதாதையர் தந்த காணி, அவரோ உடல் காயப்பட்டு வேளாண்மையையே விடும் யோசனையில் இருந்தவர். திட்டத்தைப் பார்த்தபோது தன் முன்னோரின் உழைப்புத்தான் அதில் இருக்கிறது என்று அவருக்கு விளங்கியது. சம்மதித்தார். சம்மதித்ததோடு நிற்காமல், விட நினைத்த வயலை மேலும் பல வருடம் தானே செய்தார். அவருக்கு முடியாமல் போனபோது கண்காட்சி அமைப்பு அதைப் பொறுப்பேற்றது.

இந்தக் கண்காட்சிக்கு நகரங்களிலிருந்து தொண்டர்களாக வந்தவர்களில் அதிகம் பேர் மாணவர்கள். 'குட்டிப் பாம்பு அணி' என்பது அவர்கள் பெயர். ஊர்ப் பெரியவர்கள் ஆரம்பத்தில் இவர்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். 2004 ஒக்டோபர் 23இல் அந்த மாகாணத்தை 6.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 68 உயிர்கள் போயின. அப்போது இதே பிள்ளைகள் வந்து இடிபாடு அகற்றினார்கள், வீடு துப்புரவாக்கினார்கள். அதே டிசம்பரில் சுனாமி கண்ட நமக்கு, அப்படியான நேரத்தில் வந்து நின்றவர்களை ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

நடுக்கத்துக்குப் பிறகு ஆட்கள் விட்டுப்போன வீடுகள் இன்னும் கூடின. 2006 கண்காட்சியில் அந்த வீடுகளே படைப்புகளாயின. ஒரு வீட்டின் தரை, சுவர், தூண், உத்தரம் எல்லாவற்றையும் நிஹோன் பல்கலைக்கழகக் கலை மாணவர்கள் இரண்டு வருடத்துக்கு மேலாகச் சிற்றுளியால் செதுக்கினார்கள். வைக்கோல் வேய்ந்த இன்னொரு பழைய வீட்டில் ஊர்ப் பெண்கள் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார்கள். தங்கள் தோட்டத்து மரக்கறியை, தாங்கள் எப்போதும் சமைக்கிற மாதிரியே சமைத்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

இனி பள்ளிக்கூடங்கள். மட்சுனோயாமாவில் மூடப்பட்ட ஓர் ஆரம்பப் பாடசாலையை பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கியும் ஒளியமைப்பாளர் ஜான் கால்மனும் 2006இல் எடுத்துக்கொண்டார்கள். 'கடைசி வகுப்பு' என்பது அதன் பெயர். உடற்பயிற்சி மண்டபத்தில் வைக்கோலும் மங்கிய மின்குமிழ்களும் சுழலும் மின்விசிறிகளும். ஓர் அறையில் இதயத்துடிப்பின் ஓசை. கலை என்றவுடன் சிலை என்று முகம் சுளிக்கிறவர்களும் நம்மில் உண்டு, இதில் சிலை எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளைகள் இருந்து போன இடம் என்பதை மட்டும் உணரச் செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஹச்சி என்ற ஊரின் பாடசாலை. 2005இல் மூடும்போது அங்கே மூன்று பிள்ளைகள்தான். படப்புத்தக ஓவியர் தஷிமா செய்சோ அந்தக் கட்டடம் முழுவதையும் ஒரு கதைப்புத்தகமாக மாற்றி 2009இல் திறந்தார். கடலில் ஒதுங்கிய மரத்துண்டுகளால் செய்து வர்ணம் பூசிய அந்த மூன்று பிள்ளைகளும் வகுப்பறைகளிலும் நடைபாதையிலும் ஓடித் திரிகிறார்கள். பள்ளிக்கூடம் வெறுமையாகாது என்பதுதான் கதை. ஒரு பாடசாலைக்கு விழா எடுத்து விடைகொடுப்பதைப் பார்த்திருக்கிறோம், கடைசி மாணவர் மூவரையும் இடாப்பில் நிரந்தரமாக வைத்திருக்கும் பாடசாலையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

2000இல் 1 இலட்சத்து 60 ஆயிரம் அளவில் வந்த பார்வையாளர் தொகை, 2018இல் 5 இலட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியது. 2021இல் நடக்கவேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது, 2024இல் மறுபடி நடந்தது. ஆனாலும் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. தொகாமாச்சியில் 2005இல் 62,000 அளவில் இருந்த மக்கள் தொகை 2020 கணக்கெடுப்பில் 50,000க்கும் கீழே போய்விட்டது. கண்காட்சியால் அந்தச் சரிவை நிறுத்த முடியவில்லை. போன பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பவில்லை.

ஆனால் இதே கிதகாவா 2010இல் தெற்கே செத்தோ உள்கடல் தீவுகளில் இன்னொரு மூவாண்டுக் கண்காட்சியைத் தொடங்கிவைத்தார். அதில் ஒகிஜிமா என்ற சின்னஞ்சிறு தீவு. மாணவர் இல்லாமல் அங்கிருந்த பாடசாலை 2011இல் நிறுத்தப்பட்டது. கண்காட்சிக் காலத்தில் தீவுக்கு வந்துபோன குடும்பங்கள் சில அங்கேயே குடியேற விரும்பின. பிள்ளைகள் படிக்கப் பாடசாலையைத் திறந்து தாருங்கள் என்று கையெழுத்துச் சேகரித்து நகர நிர்வாகத்திடம் கேட்டார்கள். 2014 ஏப்ரலில் அந்தப் பாடசாலை மீண்டும் திறக்கப்பட்டது.