தெரிந்த வார்த்தைகள்

வங்கியில் சேர்ந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்தவை புதிய வார்த்தைகள் அல்ல, தெரிந்த வார்த்தைகள். பற்று என்றால் பாசம் என்று பழகியவனுக்குப் பேரேட்டின் பற்று பிடிபட நாளாயிற்று. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதச் சாதாரண பாஷையே போதும் என்ற நம்பிக்கையின் சரித்திரத்தைப் படிக்கையில் இதுதான் ஞாபகம் வருகிறது.

கிரேஸ் ஹாப்பர் கணிதம் கற்பித்தவர். அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். 1950களில், வியாபார அலுவலகங்களில் கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் கணிதக் குறிகளைக் கண்டு மிரள்வதைப் பார்த்தார். அவரும் அவர் குழுவும், இதை அதோடு கூட்டு என்கிற மாதிரி ஆங்கில வாக்கியங்களையே கட்டளைகளாக்கினார்கள். அதுதான் ஃப்ளோமேட்டிக். அதைப் பெரிதும் ஒட்டி, அரசும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் சேர்ந்த குழு 1959இல் கோபால் என்ற மொழியை வகுத்தது. 1960இல் அதன் விதிகள் வெளியாயின. அதில் வினைச்சொல் உண்டு, வாக்கியம் உண்டு, பத்தியும் உண்டு.

ஹாப்பர் பின்னாளில் சொன்ன சம்பவம் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதிய புரோகிராமைப் பிரெஞ்சு, ஜெர்மன் வார்த்தைகளிலும் எழுதிக் காட்டினாராம். நிர்வாகத்தார் அரண்டுபோனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரத்துக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும்? இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வார்த்தையும் ஒரு குறிதான். அவர்களோ இயந்திரம் ஆங்கிலம் அறிந்தது என்றே நம்பினார்கள்.

இந்த மயக்கத்துக்கு விலை உண்டு. பழைய கோபாலில் ஒரு நிபந்தனை எங்கே முடிகிறது என்பதை முற்றுப்புள்ளிதான் தீர்மானிக்கும். புள்ளி ஒரு வரி முன்னதாக விழுந்தால், சிலர் கணக்கில் மட்டும் கழிய வேண்டிய தொகை எல்லார் கணக்கிலும் கழியும். பழகிய வாக்கியமாகத் தெரிவதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. நிபந்தனைக்கென்று தனி முடிவுச் சொல் 1985 தரவரையறையில்தான் வந்தது.

1970களின் பிற்பகுதியில் டச்சுக்காரரான டைக்ஸ்ட்ரா, பேசும் மொழியில் புரோகிராம் எழுதும் ஆசை மடமை என்றார். குறியீட்டின் கறார்தான் அபத்தங்களைத் தடுக்கிறது என்பது அவர் கட்சி. அவரை மறுப்பது சிரமம். ஆனாலும் ஹாப்பர் இல்லாவிட்டால் என் போன்ற குமாஸ்தாக்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்று பேச்சு வழக்கில் கேட்டாலே புரோகிராம் எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. புதிதாக வருகிறவனுக்கு எழுதும் சிரமம் குறைந்திருக்கிறது. பற்று என்றால் எந்தப் பற்று என்று சொல்ல வேண்டியவன் இன்னும் அவன்தான்.