முப்புரி வடம்

தஞ்சை என்றாலே ஆறும் வாய்க்காலும்தான். ஆனால் 1934-இல் புது ஆறு என்ற கால்வாயில் தண்ணீர் ஓடும்வரை, தெற்கே காவிரி எட்டாத மேடுகள் ஏராளம். அங்கெல்லாம் கிணறும், மாடு கட்டி இறைக்கும் கவலையும்தான் கதி. மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, தோல் சால் ததும்பி மேலே வந்தது. நனைந்தும் காய்ந்தும் அந்தத் தோல் சீக்கிரமே இற்றுப்போனது. ஆவாரம்பட்டைப் பதனத்தால் அவ்வளவுதான் தாக்குப்பிடிக்க முடிந்தது. 1903 வாக்கில் ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் இந்தத் தொல்லையைக் கையிலெடுத்தார்.

அவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பால் தோல் பதனிட 1884-இல் காப்புரிமை பெற்றிருந்தார். பெண்களின் இடுப்புக் கச்சில் இருந்த இரும்புப் பட்டைகள், மேலே மூடிய தோலாலேயே துருப்பிடித்தன. அதற்கு மாற்று தேடப்போய்க் கிடைத்த வழி அது என்று தோல் தொழிலில் சொல்வார்கள். கச்சுக்காகப் பிறந்த வித்தையைச் சாட்டர்டன் கவலைச் சாலுக்குத் திருப்பினார். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரில்கூடச் சுருங்கவில்லை. பிறகு குரோம் லெதர் கம்பெனி வந்தது. பல்லாவரத்துக்கு அருகே ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் விழுந்தது. ஆனால் தோலின் புரதமான கொலாஜன் எப்படி முறுக்கிக் கிடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

1952-இல் சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் அந்தப் புதிரைச் சொல்லிவிட்டுப் போனார். இளம் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். தூய மாதிரி வேண்டுமே? அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது! எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து, கோபிநாத் கார்த்தாவும் அவரும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் விடை சொன்னார்கள். மறு ஆண்டே அதைச் செம்மைப்படுத்தினார்கள். மூன்று புரிகள் முறுக்கிய வடம்! தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த கட்டம் இல்லை. வடம் தெரிந்துவிட்டது. அதில் எங்கே, எத்தனை முடிச்சு போடுவது?

கொலாஜனை அமிலத்தில் கரைத்து, அமிலத்தை முறித்து, உடல் சூட்டில் வைத்தால் நுங்குபோல் உறைந்தது. காயத்தின் மேல் வைக்க ஏற்ற பொருள்தான். ஆனால் தொட்டாலே குலைந்தது, உடலின் நொதிகள் அதைச் சட்டென்று கரைத்தன. புரிகளுக்கு முடிச்சு போட, தோல்காரர்களுக்குப் பழக்கமான குளூட்டரால்டிஹைடு வந்தது. கொலாஜனில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் கைகளை அது இறுகப் பிணைத்தது. ஜெல் விறைத்து நின்றது. உள்ளே தங்கிய மிச்ச மருந்தோ செல்களைக் கொன்றது.

அடுத்து வந்தது கார்போடைஇமைடு. கல்யாணத் தரகர்போல், அமிலக் கையையும் அமீன் கையையும் கோத்துவிட்டுத் தான் விலகிக்கொண்டது. மிச்சத்தைக் கழுவிவிட முடிந்தது. அளவைக் கூட்டிக் குறைத்தபோது ஜெல்லின் இறுக்கமும் அது கரையும் நாளும் மாறின. அந்த இறுக்கத்துக்குள் இன்னொரு ரகசியம் ஒளிந்திருந்தது.

2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்ளரும் டென்னிஸ் டிஷரும், கொலாஜன் பூசிய செயற்கை ஜெல்களில் மனித ஸ்டெம் செல்களை வளர்த்தார்கள். மூளைபோல் இளகிய ஜெல்லில் அவை நரம்புச் செல்லின் சாயலைக் காட்டின; தசையளவு இறுகியதில் தசையை நோக்கிப் போயின; இன்னும் விறைத்ததில் எலும்பை நோக்கி. படுக்கையின் பதம் பார்த்தே செல் தன் வழியைத் தீர்மானித்தது!

அதே தஞ்சைப் பக்கம், வல்லத்தை அடுத்த திருமலைசமுத்திரத்தில், செம்மண் மேட்டில், சாஸ்த்ரா பல்கலைக்கழக ஆய்வகத்தில் இன்று திசு வளர்ப்பதற்கான ஜெல்களைப் பதம் பார்க்கிறார்கள். கங்காரு தசைநாண் கொடுத்த அடையாறு நிறுவனமோ காயங்களுக்கான கொலாஜன் தாள்களையே உருவாக்கியது. தீக்காய வார்டில் நர்ஸ் உறையைப் பிரித்து எடுக்கும் மெல்லிய தாள் அந்த வகைதான். கவலைச் சால் தண்ணீரில் கிடந்தும் அழியாமல் நிற்க வேண்டியிருந்தது; இந்தத் தாள் அடியில் புதுத் தோல் எழும்வரை தாங்கிவிட்டு, மெல்லக் கரைந்துபோகிறது.