மூக்கு என்னும் காவல்காரன்

மாட்டுத்தாவணி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் பஸ் ஸ்டாண்டுதான். மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதைப் பெயர் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாணமும் வைக்கோலும் மணத்த அந்தப் பக்கம் இப்போது பூ மார்க்கெட்டில் மல்லிகை மணக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குப் பெருமையே அதன் மணம்தான்.

நம் முன்னோர் மூக்கைக் குறைவாக நினைக்கவில்லை. உயிர்களை அறிவால் வகுத்த தொல்காப்பியம், தொடுதல், சுவைக்கு அடுத்து மூன்றாவது அறிவாக மோப்பத்தை வைத்து, எறும்பையும் கறையானையும் அதில் சேர்த்தது. அந்நாளில் நறுமணத்துக்கும் நாற்றம் என்றே பெயர். பிறகுதான் அந்தச் சொல் கெட்ட வாடைக்கு ஆகிப்போனது.

மூக்கின் அருமையை நமக்கு உணர்த்தியது 2020. மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நேர்ந்தது. ஜூன் 13-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மணமும் சுவையும் தெரியாமல் போவதை நோய் அறிகுறிகளில் சேர்த்தது. ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. காய்ச்சல் இல்லாதவர்கள்கூட, காபித்தூளை முகர்ந்து வாசம் வரவில்லை என்றதும் பயந்துபோன காலம் அது.

மூக்கின் உச்சியில் மணம் அறியும் நரம்புசெல்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களைத்தான் அந்தக் கிருமி பெரும்பாலும் தாக்கியது. அதனால் பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது. சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பவில்லை. இந்த நரம்புசெல்களில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் மனிதனுக்குச் சுமார் 400 வகை. அவற்றுக்கான மரபணுக்களை 1991-ல் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மணம் தெரியாவிட்டால் ஊசிப்போன குழம்பு தெரியாது, அடுப்பில் தீய்வது தெரியாது, கேஸ் கசிவது தெரியாது. எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து வெடித்துச் சுமார் 300 பேர் மாண்டார்கள். அதன் பிறகே அதில் கெட்ட வாடை கலப்பதை அங்கே சட்டமாக்கினார்கள். நம் வீட்டு சிலிண்டரிலும் அந்த வாடை சேர்த்தே வருகிறது.

வயது ஏற ஏற முகரும் திறன் மெல்லக் குறையும். பலருக்கு அது தெரிவதே இல்லை. பார்க்கின்சன் நோயில் கை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் மங்குவதுண்டு. ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-ல் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களைத் தினம் இருவேளை, 12 வாரம் முகரச் செய்து, சிலருக்கு முன்னேற்றம் கண்டார்கள்.

நம் வயதுக்காரர்கள் கண்ணையும் காதையும் சோதித்துக்கொள்கிறோம். இரண்டு மல்லிகையை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். மணம் மட்டுப்பட்டிருந்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.