விளக்கை அணைத்த பிறகும் ஒளிரும் சாயம்

'பி.காம். படிக்கிறவனுக்கு மூலக்கூறு எதற்குடா?' என்று வகுப்பில் கேட்பார்கள். காரணம் கடைசியில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

சாயத்தின் மீது ஒளி பட்டால் அதன் மூலக்கூறு ஆற்றலை வாங்கிக்கொண்டு கிளர்நிலைக்குப் போகும். பெரும்பாலும் சில நானோ வினாடிகளிலேயே அதை ஒளியாகத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் ஃப்ளூரசீன் என்ற சாயத்தை போரிக் அமிலக் கண்ணாடியில் உறைய வைத்தால், விளக்கை அணைத்த பிறகும் சில வினாடிகள் ஒளிர்கிறது. ஏறக்குறைய நூறு கோடி மடங்கு தாமதம்!

மூலக்கூறு இடையில் ஏதோ ஒரு நிலையில் மாட்டிக்கொள்கிறது என்று 1933-ல் போலந்தின் யாப்லோன்ஸ்கி சொன்னார். அது என்ன நிலை? 1944-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜி.என். லூயிஸும் அவருடைய மாணவர் மைக்கேல் கேஷாவும் பதில் சொன்னார்கள்: டிரிப்லெட் நிலை. (சோவியத் நாட்டில் தெரேனினும் ஏறக்குறைய அதே சமயத்தில் இந்த முடிவுக்கு வந்திருந்தார்.) இரண்டு எலெக்ட்ரான்களின் சுழற்சி ஒரே பக்கமாக இருப்பதால், கீழே இறங்க குவாண்டம் விதி தடை போடுகிறது. அதனால்தான் தாமதம்.

பலர் ஏற்கவில்லை. தடை என்றால் ஒளியே வரக்கூடாதே என்றார்கள். லூயிஸ் விடவில்லை. டிரிப்லெட் என்றால் காந்தம் இழுக்க வேண்டும் அல்லவா? ஒளி பட்ட சாயத்தைக் காந்தம் லேசாக இழுப்பதை 1945-ல் மெல்வின் கால்வினோடு சேர்ந்து காட்டினார். அப்போதும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. 1946 மார்ச்சில், 70 வயதில், ஆய்வுக்கூடத்திலேயே இறந்துபோனார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. 1958-ல் சிகாகோவில் ஹட்சிசனும் மங்கமும் நாஃப்தலீனின் டிரிப்லெட் நிலையைக் காந்த ஒத்ததிர்வு முறையில் நேரடியாகப் பதிவு செய்த பிறகுதான் வழக்கு முடிந்தது.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். ஓ.எல்.இ.டி. திரையில் இருப்பவை கரிம குறைகடத்திகள். அங்கே மின்சாரத்தால் உண்டாகும் கிளர்நிலைகளில் சுமார் 75 சதவீதம் டிரிப்லெட். சாதாரணச் சாயம் என்றால் அவ்வளவும் வெப்பமாக வீணாகும், நம் பாஷையில் வாராக்கடன். 1998-ல் ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் பிளாட்டினம் கலந்த சாயம் ஒன்றைச் சேர்த்தார்கள். கனமான உலோக அணு அந்தத் தடையைத் தளர்த்த, கடன் ஒளியாக வசூலானது. பிறகு இரிடியம் வந்தது. இன்று கைபேசித் திரைகளின் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்த வழியில் வருபவைதான்.

லூயிஸின் பதிலை அன்று யாரும் சந்தைக்காகக் கேட்கவில்லை. சாயம் ஏன் தாமதிக்கிறது என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது. முதலீட்டுக்கு எத்தனை வருடத்தில் லாபம் என்று கணக்குப் போடும் நம் பாடப்புத்தகத்தில் இதற்கு எந்தப் பத்தியில் இடம்? யோசித்துச் சொல்லுங்கள்.