பறம்பின் வீழ்ச்சி: பாடசாலையிற் கற்றதும் பின்னர்க் கண்டதும்

பத்தாந் தரத்திற் கற்றபோது பயன்படுத்திய தமிழிலக்கியக் கொப்பி ஒன்று இன்றும் என்னிடம் உண்டு. அதிலே 'பாரி மகளிர்' என்னுந் தலைப்பின் கீழ், ஆசிரியை சொல்லச் சொல்ல யாம் எழுதிய ஐந்து குறிப்புகள் காணப்படுகின்றன. பாரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். முல்லைக்குத் தேர் ஈந்தவன். மூவேந்தர் அவன்மீது பொறாமை கொண்டனர். வஞ்சனையால் அவனைக் கொன்றனர். அவனுடைய மகளிர் அங்கவை, சங்கவை எனப் பெயர் பெற்றனர். ஐந்து குறிப்புக்கு ஐந்து புள்ளி. தவணைப் பரீட்சையில் அச்செய்யுளில் வரும் நிலவைப் பற்றி ஒரு வினா வந்தது. 'இயற்கை வருணனை' என எழுதி முழுப் புள்ளியும் பெற்றேன்.

பல்கலைக்கழகம் புகுந்து வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலத் தொடங்கிய பின்னர், புறநானூற்றின் 112ஆம் பாட்டை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவ்வைந்து குறிப்புகளுள் எத்தனை அப்பாட்டில் உள்ளன என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றேனும் இல்லை. பாரி என்ற பெயர்கூட அங்கு இல்லை. ஐந்தடிகளுள் அடங்கிய அப்பாட்டு இரண்டு நிலவுகளைத் தவிர வேறெதனையும் அறியாது. சென்ற திங்களின் நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எமதாக இருந்தது. இத்திங்களின் நிலவில் குன்றை வேந்தர் கொண்டனர், தந்தையும் இலர். அவ்வளவே. வேந்தர் இன்னார் என்பதோ, போர் எவ்வாறு நிகழ்ந்தது என்பதோ கூறப்படவில்லை. அழுகை என்ற சொல்லும் இல்லை.

அவ்வாறாயின் யாம் கொப்பியில் எழுதியவை எங்கிருந்து வந்தன? பாடியோர் பாரியின் மகளிர் என்பதைப் பாட்டின் அடியிலுள்ள கொளு கூறுகின்றது. இக்குறிப்புகள் பாடல்களைத் தொகுத்தோராற் பிற்காலத்திற் சேர்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முல்லைக்குத் தேர் கொடுத்த செய்தி கபிலரின் வேறு பாட்டுகளிலும் சிறுபாணாற்றுப்படையிலும் வருகின்றது. மூவேந்தரும் ஒருங்கு கூடி முற்றுகையிட்டமையைக் கபிலரின் 109ஆம், 110ஆம் பாட்டுகளால் அறிகிறோம். அங்கவை, சங்கவை என்னும் பெயர்களோ புறநானூற்றில் எங்கும் இல்லை. அவை பிற்பட்ட தனிப்பாடல் மரபின் வழி வந்தவை. வஞ்சனைக் கதையும் அத்தகையதே. பல நூற்றாண்டுகளிற் படிந்த படிவுகள் அனைத்தையும் ஒரே நாளில் நடந்த ஒரே கதையாக யாம் கற்றோம். இதனை ஆசிரியையின் குறையாகக் கூறுவது நன்றியன்று. நாற்பது நிமிடப் பாடவேளையில் வேறென்ன செய்தல் கூடும்? அன்றியும், அவர் அப்பாட்டை வாய்விட்டுப் படித்த முறையே இன்றுவரை என் செவியில் நிற்கின்றது.

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்திராவிடின் இவ்வினாக்களை எழுப்புதற்கே இடமிராது. நானூறு பாட்டுகளுள் இரண்டு முற்றாக அழிந்தன. பல சிதைந்து கிடைத்தன. பழையவுரையும் 266 பாட்டுகளுடன் நின்றுவிடுகின்றது. சங்கநூற் பதிப்பு முயற்சியில் 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய நம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு உள்ள இடத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். என்றுமே நம் கையில் இருந்தது போல யாம் பாடசாலையில் மனனஞ் செய்த இந்நூல், நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் ஏட்டுச் சுவடிகளுள் மறைந்து கிடந்தது.

பறம்பைப் பற்றிய பாட்டுகளை ஒன்றுசேர்த்துப் படிக்கும்பொழுது வேறொரு காட்சி புலப்படுகின்றது. முற்றுகையிட்ட வேந்தரை நோக்கிக் கபிலர் கூறும் 109ஆம் பாட்டு என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. உழவர் உழாமலே அம்மலை நான்கு பயன்களைத் தரும் என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பாடசாலையில் இதனையும் 'மலைவளம்' என ஒரு சொல்லில் முடித்துவிட்டோம். ஆயின் 'உழாமலே' என்பது யாரை நோக்கிக் கூறப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். கேட்போர் காவிரியும் வையையும் பாயும் மருத நிலங்களை ஆள்வோர். உழுது விளைந்த நெல்லால் படை வைத்திருப்போர். இருவேறு பொருளாதாரங்கள் ஒரு மலையடியில் எதிரெதிர் நிற்கின்றன. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில், ஐந்திணைப் பாகுபாட்டின் பின்னாற் சமனற்ற சமூக வளர்ச்சி உண்டு என எடுத்துக் காட்டினார். அக்கட்டுரையைப் படித்தபின் பறம்பின் வீழ்ச்சியை மூன்று மன்னரின் பொறாமையாக மாத்திரம் என்னாற் காணமுடியவில்லை. வேளிர், குறுநிலத் தலைவர் ஆகியோரின் நிலங்களை வேந்தர் தம்முள் அடக்கிப் பேரரசு எழுப்பிய நெடிய நிகழ்ச்சியின் ஒரு துண்டு அது. பொறாமை என்பது தனிமனிதரின் குணம். அதைக் கொண்டு ஒரு காலத்தின் மாற்றத்தை விளக்குதல் எளிது, ஆனால் போதாது.

எனினும் இவ்விளக்கத்தையும் மிகைப்படுத்தலாகாது. அகநானூற்றின் 78ஆம் பாட்டில் நக்கீரர் வேறொரு செய்தியைக் கூறுகிறார். முற்றுகை பல ஆண்டுகள் நீடித்தது; தொலைவிலிருந்து நெற்கதிர் கொணரப்பட்டு ஆம்பல் மலருடன் உணவாயிற்று; முடிவில் பாரி வேந்தரை ஓட்டினான். இது உண்மையாயின், உழாது பெற்ற நான்கு பயன்கள் மட்டும் பறம்பைக் காக்கவில்லை. அங்கும் நெல் வேண்டியிருந்தது. வேந்தர் ஒருமுறை தோற்றுப் பின்னர் மீண்டும் வந்தனர் போலும். பாரி எவ்வாறு இறந்தான் என்பதற்கு அக்காலத்துக் கல்வெட்டுச் சான்று எதுவும் நம்மிடம் இல்லை.

புறப்பாடல்களைப் பாணரின் வாய்மொழி மரபில் வைத்து ஆராய்ந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1968இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூல், தமிழ் வீரப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் பாடல்களுடன் ஒப்பிட்டது. அம்மரபை ஏற்றால் ஓர் ஐயம் எழுகின்றது. கையறுநிலை என்பது ஒரு துறை. அத்துறையிற் பயின்ற பாணனொருவன் மகளிரின் கூற்றாக இதனைப் பாடியிருத்தல் கூடாதா? கூடும். எனக்கோ அவ்வாறு கொள்ள மனம் ஒருப்படவில்லை. கபிலரின் பாட்டுகளில் உவமைகளும் அடைகளும் நிறைந்துள்ளன. இப்பாட்டோ வறிதாய் நிற்கின்றது. இது சான்று ஆகாது என்பதை அறிவேன். வாசகனொருவனின் உணர்வென்றே கொள்க.

அம்மகளிரின் குரல் ஒரு முறையே கேட்கின்றது. அதன்பின் அவர்கள் பிறர் பாட்டில் வரும் பொருள்கள் ஆகிவிடுகின்றனர். 116ஆம் பாட்டில், முன்னர்த் தந்தையை எதிர்த்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய அவர்கள், இப்பொழுது குப்பைமேட்டில் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். 200ஆம் பாட்டில் கபிலர் அவர்களை விச்சிக்கோனிடம் கொண்டு சென்று, யான் கொடுக்க நீ கொள் என வேண்டுகிறார். அடுத்து இருங்கோவேளிடம் செல்கிறார். இருவரும் ஏற்கவில்லை. மறுத்தமைக்குக் காரணம் சொல்லப்படவில்லை. மூவேந்தரின் பகைக்கு அஞ்சினர் என ஊகிக்கலாம். கொடுத்தற்கும் கொள்ளுதற்கும் இடையில் நின்ற அவ்விருவரும் யாது கருதினர் என ஒருவரும் பாடவில்லை. அவர்களுடைய முடிவு பற்றியும் இரு மரபுகள் உள. கபிலர் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துத் தாம் வடக்கிருந்தார் என்பது புறநானூற்றுக் கொளு. அடைக்கலப் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துத் தீப்புகுந்தார் என்பது முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு. பாரியின் காலத்துக்கும் அக்கல்வெட்டுக்கும் இடையிற் பல நூற்றாண்டுகள் கழிந்தன. நண்பனின் மகளிரை வெறுங்கையுடன் விட்டுவிட ஊரார் மனம் ஒருப்படாமையால் மரபு அவர்களுக்கு ஒரு வீட்டைத் தேடிக் கொடுத்ததோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

கபிலரைப் பற்றியும் பாடசாலையிற் கூறாத ஒன்று உண்டு. பறம்பை அழித்த மூவருட் சேரர் குடியும் ஒன்று. பின்னர்ச் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திற் பாடியவர் கபிலரே. பதிகம் அவர் பெற்ற பரிசிலை நூறாயிரங் காணம் என்கிறது. அவ்வேழாம் பத்தின் முதற் பாட்டிலேயே, பாரி மீளாவுலகு சென்றமையைக் கூறி, அதனால் உன்னிடம் இரக்க வந்தேன் அல்லேன் என்கிறார் புலவர். முதன்முறை படித்தபோது இதனை வெறும் பரிசில் வாழ்க்கையின் சாதுரியம் எனக் கருதிச் சினந்தேன். இப்பொழுது அவ்வளவு உறுதி இல்லை. புரவலரை அன்றி வாழ வழியற்ற ஒருவர், புதிய புரவலனின் அவையிற் பழைய நண்பனின் பெயரை முதலில் எடுத்துச் சொல்கிறார். அதனைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

இனி என் குடும்பத்துச் செய்தி ஒன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது என் அம்மம்மா மூன்று பெண்பிள்ளைகளுடன் தென்மராட்சிப் பாடசாலையொன்றின் விறாந்தையைச் சென்றடைந்தார். ஒரு வாரத்தின் பின் பறுவம் வந்தது. "போன பறுவத்துக்கு எங்கடை முற்றத்திலை பாய் போட்டுப் படுத்தனாங்கள், இந்தப் பறுவத்துக்கு ஆற்றையோ விறாந்தை" என்று அவர் கூறினாராம். அம்மா இதனைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மம்மா ஐந்தாம் வகுப்புடன் நின்றவர். புறநானூற்றின் பெயரையும் அறியார். இதனை நான் கேட்டு வளர்ந்திருந்தும், பத்தாந் தரத்தில் 'இயற்கை வருணனை' என எழுதினேன்.

இவ்வொற்றுமையைக் கொண்டு பாரியை நம் காலத்தவனாக்க நான் விரும்பவில்லை. அவனுடைய போர் வேறு. முரசும் யானையும் பரிசிலரும் உடைய உலகு வேறு. அதைக் கலைத்து நம் துயரை அதனுள் ஊற்றினால் இரண்டையும் இழப்போம். ஆயினும் வீடிழந்தோர் காலத்தைக் கணிக்கும் முறை ஒன்றுண்டு என்பதையும், ஆண்டுக் கணக்கு அதற்கு உதவாது என்பதையும் அம்மம்மாவின் சொல்லாலேயே யான் விளங்கிக்கொண்டேன்.

118ஆம் பாட்டிற் கபிலர் பறம்பின் சிறு குளமொன்றை நினைக்கிறார். பாறைக்கும் குன்றுக்கும் இடையில், எட்டாம் நாட் பிறைபோல் வளைந்த கரையுடைய தெளிநீர்க் குளம். காப்பார் இன்றி அக்கரை உடைந்துபோமோ என இரங்குகிறார். கோட்டையையோ கொடியையோ அவர் அங்கு நினைக்கவில்லை. 1996இல் ஊர் திரும்பியபொழுது அம்மம்மா வீட்டினுள் நுழையுமுன் கிணற்றடிக்குச் சென்று கட்டுச் சரிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார் என அம்மா சொல்வார்.